ஒலிம்பிக்கில் பூட்ஸ் தகராறு, சாமியின் டிபன் டப்பாவில் வாழைப்பழம்: கம்பெனி விளையாட்டுக்குள் இத்தனை சங்கதியா, தெரியுமா?

தெரியுமா? கயிறு இழுக்கும் போட்டி ஒரு காலத்தில் ஒலிம்பிக் விளையாட்டு! 1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக்கில் வீரர்கள் மண்ணில் காலை ஊன்றிக் கயிறு இழுத்திருக்கிறார்கள். அதிலும் 1908 லண்டன் ஒலிம்பிக்கின் கதையை ஆம்பூர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் பிரிட்டனே அள்ளியது. மூன்று அணியுமே வேலையிடத்து அணிகள்! லண்டன் சிட்டி போலீசுக்குத் தங்கம், லிவர்பூல் போலீசுக்கு வெள்ளி, லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீசின் ‘கே’ டிவிஷனுக்கு வெண்கலம். காலையில் ரோந்து, மாலையில் கயிறு என்று ஒன்றாகவே திரிந்த ஆட்கள்.

சரி, தகராறு எதில் வந்தது? ஷூவில்! லிவர்பூல் போலீஸ்காரர்கள் கனத்த டியூட்டி பூட்ஸோடு களத்தில் இறங்கினார்கள். முதல் இழுப்பிலேயே தோற்றுப்போன அமெரிக்க அணி, அந்த பூட்ஸ் விதிக்குப் புறம்பானது என்று புகார் கொடுத்தது. நடுவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்கர்கள் போட்டியை விட்டே வெளியேறினார்கள். உலகக் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் நம்ம ஊர்க்காரர்கள் அன்று பக்கத்தில் இருந்திருந்தால், பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில், பொங்கலுக்கு முந்தைய வாரம் கம்பெனி வளாகங்களில் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், கடைசியில் கயிறு. சேலைக்கு மேல் கம்பெனி கோட்டைப் போட்டபடியே பெண்கள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கயிற்றைப் பிடிப்பார்கள். சூப்பர்வைசர் கத்துவார். எச்.ஆர். போட்டோ எடுப்பார். ‘டீம் பில்டிங்’ என்று அந்தப் போட்டோ மறுநாள் எங்கேயோ ஏறும்.

அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர்களில் எத்தனை பேர் நிஜமாக இழுக்கிறார்கள், தெரியுமா? இதை அளந்து பார்த்தவர் ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர், மாக்சிமிலியன் ரிங்கல்மன்! 1880களில் ஆட்களை விட்டுக் கயிறு இழுக்க வைத்து, விசையை அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் பலத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93. மூன்று பேர் என்றால் 85. எட்டுப் பேர் சேர்ந்தால்? ஆளுக்கு 49தான்! பாதி பலம் காற்றோடு போயிற்று.

எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இழுப்பது கஷ்டம், தாளம் தப்பும், அதனால்தான் குறைகிறது என்று வாதாடலாம். அந்த வாதத்துக்கும் 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆப்பு வைத்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் முக்கி முனகினார்களே தவிர இழுக்கவே இல்லை! தனியாகத்தான் இழுக்கிறோம் என்று அறியாத, முன்னால் நின்றவர், அப்போதும் பலத்தைக் குறைத்துக்கொண்டார். பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்திருக்கிறது. 1979இல் இன்னொரு குழு இதையே கைதட்டலிலும் கத்தலிலும் சோதித்தது. கூட்டமாகக் கைதட்டும்போது ஒவ்வொருவரும் தட்டுவது குறைகிறது. எம்.டி. பேசி முடித்ததும் எழும் கைதட்டலை இனி வேறு காதால் கேட்பீர்கள்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் அதே கயிற்றில் இன்னொன்று இருக்கிறது! 1954 கோடை, அமெரிக்காவின் ஓக்லஹோமா, ராபர்ஸ் கேவ் என்ற வனப்பூங்கா. முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியலாளர், 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை முகாமுக்கு அழைத்து வந்து இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணிக்கு ‘ராட்லர்ஸ்’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘ஈகிள்ஸ்’. பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டி மேல் போட்டி, ஜெயித்தால் பரிசு. நம் கம்பெனிகளில் நடப்பது அப்படியே! சில நாளில் என்ன ஆயிற்று? ஓர் அணியின் கொடியை இன்னோர் அணி எரித்தது. ராத்திரியில் ஒருவர் அறையை ஒருவர் சூறையாடினார்கள். சரி, ஒரே இடத்தில் சாப்பிட வைத்தால் சமாதானம் ஆவார்கள் என்று உட்கார வைத்தால், சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள்.

எதனால் ஒன்று சேர்ந்தார்கள் தெரியுமா? முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கோளாறு எங்கே என்று எல்லோரையும் தேட விட்டார்கள். இன்னொரு நாள், சாப்பாடு வாங்கி வர வேண்டிய டிரக் கிளம்பவில்லை என்று நாடகம் ஆடினார்கள். பசியோடு நின்ற பையன்கள் அங்கே கிடந்த கயிற்றை எடுத்து வண்டியில் கட்டி, இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். எந்தக் கயிறு? போட்டியில் எதிரும் புதிருமாக இழுத்த அதே கயிறு!

இங்கேதான் நம் ஷூ கம்பெனி சங்கதிக்குக் கொஞ்சம் நின்று வரவேண்டும். கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் ஆகாது என்பது இந்த வட்டாரத்தில் கால் வைத்தவர்களுக்கெல்லாம் தெரியும். காரணம் தோலிலேயே இருக்கிறது. ஒரு தோலை மேஜையில் விரித்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் இறுக்கமாக, திடமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். கட்டிங் ஆள் இவற்றையெல்லாம் கண்ணால் தவிர்த்து, கண்ணில் படும் முன்பக்கத்துக்கு நல்ல இடத்தையும், உள்ளே மறையும் நாக்குக்கு வயிற்றுப் பக்கத்தையும் ஒதுக்கி, வெட்டும் அச்சான டையை வைக்க வேண்டும். மெஷினின் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது இறங்கும். ஒரு கை டைக்கு அடியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இடது காலுக்கும் வலது காலுக்குமான துண்டுகளைத் தோலின் பக்கத்துப் பக்கத்து இடத்திலிருந்து வெட்ட வேண்டும். தள்ளித் தள்ளி வெட்டினால் நிறமும் புள்ளியும் ஒத்துப்போகாது, ஜோடி சேராது. அது எங்கே தெரியவரும்? ஸ்டிச்சிங்கில், இல்லை பேக்கிங்கில். ஒன்று ரிஜெக்ட் ஆனால் ஜோடியே போச்சு. அப்போது கிளம்பும் பாருங்கள் பேச்சு! “உங்க ஆள் வெட்டினதுதான்”, “உங்க ஆள் தச்சதுதான்” என்று.

இப்படி வருஷம் முழுக்க முறைத்துக்கொள்ளும் இரண்டு செக்ஷனையும் பொங்கல் விளையாட்டில் ‘கட்டிங் அணி’, ‘ஸ்டிச்சிங் அணி’ என்று கயிற்றின் இரு முனையில் நிறுத்துகிறோம். ஷெரீப் பையன்களை மோத விட்டதுகூட ஆராய்ச்சிக்காக! கட்டிங்கில் ஐந்து பேர், ஸ்டிச்சிங்கில் ஐந்து பேர், ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் லாஸ்டிங்கில் இரண்டு பேர் என்று கலந்து அணி பிரிப்பதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போவோம். 1940 ஜூனில் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. போர்க்காலம், ஆலைகளில் வேலை வேகமாக நடக்க வேண்டும், அதற்குப் பாட்டு! ஆனால் ஒரு பாட்டைப் போடக் கூடாது என்று தடை விதித்தார்கள். ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற அந்தப் பாட்டில் நடுவே கைதட்டும் இடம் வரும். ஸ்பேனரைப் போட்டுவிட்டு எல்லோரும் தட்டினால் வேலை என்ன ஆவது! ஸ்டிச்சிங் ஹாலில் எந்தப் பாட்டுக்கு ஊசி நிற்கும் என்று நம் சூப்பர்வைசர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கக்கூடும்.

ஆக்ஸ்போர்டு படகோட்டும் வீரர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. அதே பயிற்சியைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டபோது அவர்களால் வலியை அதிகம் தாங்க முடிந்ததாம். உடம்புகள் சேர்ந்து அசைந்தால் வலியே ஒரு படி இறங்கிவிடுகிறது! டிரம்மிலிருந்து ஈரத்தோலைச் சேர்ந்து இழுத்துப் போடும் தோல் ஷாப் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், இதற்கு ஆக்ஸ்போர்டு எதற்கு என்பார்கள்.

‘எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தினால் ஒற்றுமை வரும்’ என்று டீ-ஷர்ட் அச்சடிக்கும் நிர்வாகங்கள் வேலூர்க் கோட்டைக்கு ஒருமுறை போய் வரலாம். தெரியுமா? அங்கே வெடித்த 1806 புரட்சிக்கு ஒரு காரணம் ஒரு துண்டுத் தோல்! மதராஸ் படையின் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று புது விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசை இந்த அளவுதான், தலையில் புது மாதிரித் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையில் தோலில் செய்த குஞ்சம். எந்த மிருகத்தின் தோலோ என்று இந்துச் சிப்பாய்க்கும் கொதித்தது, முஸ்லிம் சிப்பாய்க்கும் கொதித்தது. அணிய மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 9ஆம் தேதி கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் கல்யாணம். மறுநாள் 10ஆம் தேதி விடியும் முன்பே துப்பாக்கிகள் முழங்கின. ஆங்கிலேயர் தரப்பில் நூறுக்கும் மேலே, சிப்பாய்கள் தரப்பில் பல நூறு பேர் மாண்டார்கள். பிறகு விதிகள் வாபஸ் ஆயின. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. மேலேயிருந்து திணித்த சீருடை இந்துவையும் முஸ்லிமையும் ஒரே அணியாக்கியது உண்மைதான். ஆனால் அணி திரண்டது யாருக்கு எதிராக!

இதே கதையின் விளையாட்டுப் பதிப்பு அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் நடந்தது. 1931, 32இல் அங்கே ஒரு தனி அறையில் 14 பேரை வேலை செய்ய விட்டுக் கவனித்தார்கள். அவர்களுக்குள் ‘பிங்கிங்’ என்று ஒரு விளையாட்டு. யாராவது அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தால், பக்கத்து ஆள் வந்து மேல்கையில் ஓங்கி ஒரு குத்து! வாங்கியவர் திருப்பி ஒரு குத்து விடலாம். சிரிப்பும் கும்மாளமுமாக நடந்த இந்த விளையாட்டின் வேலை என்ன தெரியுமா? டார்கெட் ஏறாமல் பார்த்துக்கொள்வது! இன்று வேகமாகச் செய்தால், நாளைக்கு அதுவே எல்லோருக்கும் கணக்காகிவிடும் என்பது அவர்கள் பயம்.

ஷூ உலகத்திலேயே இன்னொரு விந்தை. செக்கோஸ்லோவாகியாவின் ஸ்லின் நகரில் பாட்டா கம்பெனி 1938இல் கட்டி முடித்த 21ஆம் எண் கட்டடத்தில், முதலாளியின் அறையே ஒரு லிஃப்ட்! மேஜை, நாற்காலி, தண்ணீர் வரும் வாஷ்பேசின் எல்லாம் வைத்த முழு அறை மாடிக்கு மாடி ஏறி இறங்கும். ஆட்கள் முதலாளியைத் தேடிப் போக வேண்டாம், முதலாளி ஆட்களைத் தேடி வருவார். அந்த முதலாளி யான் அந்தோனின் பாட்டா 1939இல் நாட்டை விட்டே போக நேர்ந்ததால் அதில் அவர் அதிகம் உட்காரவே இல்லை.

சரி, பிரியாணிக்கு வருவோம். ஆம்பூரைப் பற்றி எழுதிவிட்டுப் பிரியாணியைத் தொடாமல் போனால் பஸ் ஸ்டாண்டில் இறங்க விடமாட்டார்கள். 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் நிஃபின் குழு, அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்தது. சேர்ந்து சாப்பிடும் நிலையங்களின் வேலைத்திறனை அதிகாரிகள் உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அந்தச் சாப்பாட்டுக்கு நகராட்சி காசு தருவதில்லை. அவர்களே காசு போட்டு, அவர்களே முறை வைத்துச் சமைக்கிறார்கள். வீட்டில் ஒரு சாப்பாடு, நிலையத்தில் ஒரு சாப்பாடு என்று இரண்டு முறை சாப்பிடுகிறவர்களும் உண்டு! சேர்ந்து சாப்பிடாத நிலையத்து ஆட்களோ, ஏன் என்று கேட்டால் வெட்கப்பட்டார்கள்.

ராபர்ஸ் கேவில் சாப்பாட்டை வீசினார்களே, இங்கே மட்டும் எப்படி? என் கணிப்பு: ஒன்றாக உட்கார்ந்ததில் விசேஷம் இல்லை, ஒன்றாக வெங்காயம் உரித்ததில்தான் விசேஷம். சீரகச் சம்பாவைக் களைந்து, விறகைத் தள்ளி, தம் போட்ட பிறகு மூடியைத் திறக்காதே என்று பத்துப் பேர் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு நிற்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, எந்தப் பயிற்சியாளரின் பவர்பாயிண்டும் அதற்கு ஈடாகாது. கேட்டரிங்காரர் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனால் அது மதியச் சாப்பாடு, அவ்வளவுதான்.

தேக்சாவில் என்ன வேகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே மூன்று நாள் பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தது. பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. ஊரில் பெரும்பாலோர் சாப்பிடுவதை ஒதுக்கிவிட்டு ஊர் விழாவா என்று கேட்டார்கள். மழையைக் காரணம் சொல்லித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரில் பிரியாணி விழா நின்றுபோனது என்றால் நம்புவீர்களா! நடந்தது.

அடுத்தது துப்பறியும் கதை. பெங்களூர் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை ‘எஸ்கேப் ரூம்’ கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பூட்டிவைக்கின்றன, சேர்ந்து புதிர் அவிழ்க்கட்டும் என்று. வேலூரில் அதைவிடப் பெரிய புதிரை எழுபது வருஷத்துக்கு முன்பே அவிழ்த்திருக்கிறார்கள்! கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போனதால் படும் காயங்களால்தான் போகின்றன என்று கண்டுகொண்டார். 1951இல் ‘நியூ லைஃப் சென்டர்’ தொடங்கி, அங்கிருந்த இளைஞர்களிடம் தினமும் கையையும் காலையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடிப்பதே அவர்கள் வேலை. சுத்தியல் பிடி, சூடான டம்ளர் என்று ஒவ்வொன்றாகச் சிக்கியது. ஆனால் ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணோம்! அதெப்படி? விடிய விடியக் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது, அவருக்கு வலிக்கவே இல்லை. அதன்பின் அங்கிருந்து வீடு திரும்புகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள். நம் பெரியவர்கள் சர்க்கரை வியாதிக்கு வாங்கிப் போடும் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதே, உணர்ச்சியற்ற பாதங்களுக்கு அந்த மெத்து ரப்பரைப் பழக்கியதிலும் பிராண்டுக்கும் 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனைக்கும் பெரும் பங்குண்டு. அங்கே மருத்துவர் அணியில் செருப்புத் தைப்பவரும் ஓர் ஆள்.

போகிற போக்கில் ஒன்று. ஆம்பூர் பக்கத்துத் தெருக்களில் கம்பெனிக்கே போகாமல், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துத் தரும் பெண்கள் நிறைய. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஷூவும் அதே பெட்டியில்தான் கப்பல் ஏறுகிறது. எந்தக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் டே பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது.

கடைசிக்கு வைத்திருந்த சங்கதி இதுதான். தெரியுமா? வேலையிடத்து விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பிரபலமான ஆய்வு பிறந்த இடம் ஒரு கிளிக்கிங் அறை! ஆம், நம் கட்டிங் செக்ஷனில் இருக்கிறதே, டையை வைத்து அமுக்கும் மெஷின், அதே இனம்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்டு ராய் அங்கே தொழிலாளியாகவே சேர்ந்தார். வாரம் ஆறு நாள், நீண்ட ஷிப்ட், மூன்று வயசாளிகளுடன் ஒரு சின்ன அறை. டையை வை, அமுக்கு. டையை வை, அமுக்கு. பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது அவருக்கு. முதலில் தானாக ஒரு விளையாட்டை உண்டாக்கிக்கொண்டார். இத்தனை துண்டு முடித்தால் அடுத்த நிறத்துக்கு மாறலாம், அதை முடித்தால் பலகையைச் சுரண்டலாம் என்று. அதில் காலம் கொஞ்சம் ஓடியது.

பிறகுதான் பக்கத்தில் நடக்கும் கூத்து கண்ணில் பட்டது. அந்த மூவரில் சாமி என்பவர் தினமும் காலையில் இரண்டு பீச் பழம் எடுத்து நான்கு பேருக்கும் பங்கு வைப்பார். அது ‘பீச் நேரம்’. கொஞ்ச நேரத்தில் ஐக் என்பவர் சாமியின் டிபன் டப்பாவைத் திறந்து வாழைப்பழத்தைத் திருடி, “வாழைப்பழ நேரம்!” என்று கத்திக்கொண்டே விழுங்கிவிடுவார். சாமி திட்டுவார். ஜார்ஜ் என்ற மூத்தவர், பழத்துக்கு இவ்வளவு கூச்சலா என்று சாமியையே அதட்டுவார். அந்தப் பழத்தை ஒருநாள்கூட சாமி சாப்பிட்டதில்லை. ஆனாலும் மறுநாள் இன்னொரு வாழைப்பழம் கொண்டுவருவார்! ஜன்னல் நேரம், மீன் நேரம், கோக் நேரம் என்று நாள் முழுக்க இப்படி. எந்த எச்.ஆரும் இதைத் திட்டமிடவில்லை.

‘பனானா டைம்’ என்ற தலைப்பில் 1959, 60 வாக்கில் ராய் இதை எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், எல்லாம் கெட்டுப்போன நாள். ஜார்ஜின் சம்பந்தி ஒரு பேராசிரியர், அதில் ஜார்ஜுக்கு ஏக பெருமை. ராய் ஒருநாள் விளையாட்டாக, அந்தப் பேராசிரியர் முடிதிருத்தும் பள்ளியில் பாடம் நடத்துவதைப் பார்த்ததாக ஒரு கேலியைக் கிளப்பிவிட்டார். ஜார்ஜ் முகம் இறுகிப்போனது. அறையில் பேச்சு நின்றது. சிரிப்பு போனதும், அதுவரை மறந்திருந்த உடம்பு அசதி அத்தனையும் ராய்க்கு ஒரேயடியாகத் தெரிய ஆரம்பித்தது. பல நாள் கழித்துத்தான் ஜார்ஜ் வாய் திறந்தார்.

உங்கள் கட்டிங் செக்ஷனில் தினமும் யாருடைய டிபன் டப்பா பதினொரு மணிக்குள் காலியாகிறது என்று ரகசியமாக விசாரித்துப் பாருங்கள். எச்.ஆருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் ஒரு சர்க்குலர் போட்டுவிடுவார்.